மந்திரித்த மெழுகு

சின்னம்மா,

இன்று பங்குக் கோயிலில் மெழுகுதிரிகளை நான்தான் அணைத்தேன். காலைப் பூசை முடிந்து சனம் வெளியேறிய பிறகு, பீடத்தின் இரண்டு பக்கமும் நிற்கும் பெரிய திரிகளை, நீண்ட தடியின் நுனியிலுள்ள மூடியால் ஒவ்வொன்றாக மூடி அணைக்க வேண்டும். ஊதக் கூடாது என்று நீங்கள் சொல்வீர்கள். ஊதினால் மெழுகு பீடத்துணியில் தெறிக்கும். கடைசித் திரி அணைந்ததும் அந்த மணம் எழும்பியது. தேனும் புகையும் கலந்த மணம். எனக்கு அது கோயிலை நினைப்பூட்டவில்லை. வியா மக்வேதாத் தெருவில் நீங்கள் வேலை செய்த சிஞ்ஞோரேயின் வீட்டுக் குசினியையும், எலுமிச்சம்பழத்தால் தேய்த்துக் கழுவிய உங்கள் கைகளையும்தான் நினைப்பூட்டியது.

திரும்பிப் பார்த்தேன். ரெஜினா அன்ரி கடைசி வரிசை வாங்கில் இருந்து என் பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரெஜினா என்பது அவருடைய பெயர் இல்லை. இந்த மடலுக்காக நான் வைத்தது. பாட்டுக்குழுவை நடத்துகிறவர், பீடத்துக்குப் பின்னாலுள்ள அறையைப் பூட்டி அதன் திறப்பை வைத்திருக்கிறவர் என்றால் உங்களுக்குப் போதும். கோயில் துப்புரவு வேலை உங்களுக்குப் பிறகு எனக்கு வந்தது. உங்கள் பையைப் பார்த்த கண்களும் அதோடு சேர்ந்து எனக்கு வந்தன.

நான் பள்ளிக்கூடத்தை விட்ட வருடம் உங்களுக்கு நினைவிருக்கும். வகுப்பில் ஒவ்வொருவராக எழுப்பி, எல்லாருக்கும் முன்னால் நிறுத்திக் கேள்வி கேட்பார்கள். விடை எனக்குத் தெரியும். வாய் திறக்காது. ஆசிரியை காத்திருப்பார், பின்வரிசை வாங்கில் யாராவது சிரிப்பார்கள், என் கழுத்து வரைக்கும் சூடு ஏறும். பதினாறு முடிந்ததும் இனிப் போக மாட்டேன் என்று அம்மாவிடம் சொன்னேன். அந்த வருடம் நான் வீட்டில் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான்.

"அப்ப வீட்டிலை இருந்து சுவரைப் பாக்கப்போறியோ?" என்று அம்மா கேட்டார். "சின்னம்மாவோடை போ. ஒரு கை உதவியாவது செய்."

அப்போது நீங்கள் சீசா என்ற பகுதியில் எங்களோடு, எங்கள் வீட்டுச் சின்ன அறையில் இருந்தீர்கள். இத்தாலிக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. அம்மா வந்து குடியேறி, நான் இங்கேயே பிறந்து வளர்ந்த பிறகுதான் நீங்கள் வந்தீர்கள். அகதி விசாரணையில் நீங்கள் சொன்ன கதையை வைத்து உங்களுக்கு இங்கே தங்குவதற்கான பெர்மெஸ்ஸோ கிடைத்தது. அந்தக் கதை எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும்: இடம்பெயர்ந்தீர்கள், முகாமில் இருந்தீர்கள், கையில் எதுவும் இல்லாமல் வந்தீர்கள். அதற்கு மேல் ஒருவரும் கேட்டதில்லை.

சிஞ்ஞோரேயின் வீட்டு வாசலில் முதல் நாள் என்னைப் பார்த்துச் சொன்னீர்கள்: "நீ கேள்வி கேக்கிற பிள்ளை இல்லை. அதுதான் உன்னைக் கூட்டி வந்தனான்."

அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். சில நாட்களுக்குப் பிறகுதான் அந்த வார்த்தை எனக்குள் வேறு மாதிரிக் கேட்கத் தொடங்கியது.

மூன்றாம் மாடி, பழைய வீடு, உயரமான முகடு, அறைகளுக்கு நடுவே நீளமான நடை. சிஞ்ஞோரே என்று நாங்கள் கூப்பிடும் அந்த இத்தாலியக் கிழவர் சக்கரக் கதிரையில் இருந்தார். லிஃப்டுக்குள் அந்தக் கதிரை போகாததால் அவர் வீட்டை விட்டு இறங்குவதே இல்லை. காலையில் நான் தூசி துடைப்பேன், நீங்கள் அவரைக் குளிக்க வார்த்துச் சமைப்பீர்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் நடைக்குப் போகும் கதவு சாத்தப்படும். என்னைக் குசினியில் விட்டுவிட்டு, "நீ வெங்காயத்தை உரி, பிள்ளை" என்று சொல்லிப் போவீர்கள். கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம் வரும். செருப்பால் பலகையில் அடித்தது போல ஒரு சத்தம். பிறகு அமைதி. பிறகு மறுபடியும்.

"என்ன சத்தம்?" என்று ஒருமுறை என் முகம் கேட்டிருக்க வேண்டும். "பழைய அலுமாரி. கதவு சாத்துதில்லை" என்றீர்கள். நான் அலுமாரியைப் போய்ப் பார்த்தேன். கதவு நன்றாகச் சாத்தியது.

அடுப்புக்குப் பின்னால் ஒரு சின்னச் சட்டியைக் கண்டேன். அடியில் மஞ்சளாக மெழுகு உறைந்திருந்தது. சனிக்கிழமைகளில் கோயில் துப்புரவு முடித்து வரும்போது உங்கள் பைக்குள், பழைய பேப்பரில் சுற்றியபடி, பீடத்துத் திரிகளின் அடிக்கட்டைகள் இருந்தன. நடை மூலையில் கத்தியால் எதையோ சுரண்டி எடுத்தீர்கள். ஒவ்வொரு பின்நேரமும் எலுமிச்சம்பழத்தை வெட்டிக் கைகளில் தேய்த்தீர்கள்.

நான் கேட்கவில்லை. ஆனால் கேட்காதவளுக்குச் சந்தேகமே இல்லை என்று நினைத்துவிட்டீர்கள், சின்னம்மா. கேட்கிறவர்களுக்கு ஏதோ ஒரு விடை கிடைத்து, அதோடு அது முடிந்துவிடும். கேட்காதவளிடம் அது தங்கும், சாப்பிடும், வளரும். நீங்கள் கோயிலில் களவெடுக்கிறீர்கள் என்று நினைத்தேன். மூடிய கதவைப் பற்றி என் வயதில் ஒருத்தி என்னவெல்லாம் நினைப்பாளோ அதையும் நினைத்தேன். ஒவ்வொரு நாளும் பஸ்ஸில் உங்களோடு ஒட்டி இருந்துகொண்டு, உங்கள் தோளில் தலையையும் சாய்த்துக்கொண்டுதான் இதெல்லாம் நினைத்தேன்.

ரெஜினா அன்ரி நினைத்தது வேறு. ஒரு ஞாயிறு பூசை முடிந்து முற்றத்தில் தேத்தண்ணியும் பற்றிசும் கொடுத்துக்கொண்டிருந்தபோது, எல்லாருக்கும் கேட்கும்படி அம்மாவிடம் சொன்னார்:

"உன்ரை தங்கச்சி வீட்டிலை ஒவ்வொரு நாளும் பெருநாளோ? அவ்வளவு திரியையும் எரிச்சு ஆரைக் கூப்பிடுறா?"

"என்ன அன்ரி சொல்லுறியள்?"

"நான் என்னத்தைச் சொல்ல? மந்திரிச்ச திரி. மிச்சம் எண்டாலும் குப்பைக்குள்ளை போடாமல் பங்குச் சுவாமியிட்டைக் குடுக்கிறது. அதை ஒளிச்சு ஒளிச்சுக் கொண்டுபோறவை என்னத்துக்குக் கொண்டுபோறவை எண்டு எங்கடை ஊரிலை கேட்டுப்பார்."

மற்றப் பெண்கள் தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்தார்கள். எதற்கென்று சொல்லத் தேவையில்லை. மந்திரித்த மெழுகை உருக்கி உருவம் பிடித்து, ஆளின் தலைமயிரைச் சுற்றிச் செய்வினை வைத்த கதைகள் எங்கள் சனத்தோடு கடல் தாண்டி வந்திருக்கின்றன. பெர்மெஸ்ஸோவுக்கு விரலடையாளம் வைக்கும் அதே சனம்தான் அந்தக் கதைகளையும் நம்புகிறது.

அதே கிழமை அப்பா மொண்டெல்லோக் கடற்கரையில் தான் வேலை செய்யும் சாப்பாட்டுக்கடையில் விழுந்தார். கோடைக் கூட்டம், கோப்பை கழுவும் இடத்தில் எண்ணெயும் தண்ணியும். முதுகில் அடிபட்டு வீட்டோடு கிடந்தார். அம்மா சாமிப் படத்தடியில் நின்று கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு என்னைக் குசினிக்குள் கூப்பிட்டார்.

"அவள் அந்த மெழுகை என்ன செய்யிறாள்?"

தெரியாது என்று தலையாட்டினேன்.

"நீ ஒண்டும் கேக்கத் தேவையில்லை. கண்ணாலை பாத்திட்டு வந்து சொல்லு. அது போதும்."

அடுத்த நாள் வெங்காயத்தை உரிக்காமல், சிஞ்ஞோரேயின் கோப்பியைத் தட்டத்தில் வைத்துக்கொண்டு நடைக் கதவை முழங்கையால் தள்ளினேன்.

நீங்கள் எனக்கு முதுகு காட்டி நின்றீர்கள். பூப்போட்ட ஏப்ரன் முடிச்சு, சீவி முடிந்த கொண்டை. இடது கை ஏப்ரன் பைக்குள். வலது கை நீட்டியிருந்தது. அதில் ஒரு பிஸ்டல். நடையின் அந்தக் கோடியில் அலுமாரிக் கதவுகள் இரண்டும் திறந்திருந்தன. உள்ளே சிஞ்ஞோரேயின் பழைய கறுப்புக் கம்பளிக் கோட்டுகள் அடர்த்தியாகத் தொங்கின. அவற்றின் முன்னால் வட்டங்கள் போட்ட ஒரு தாள். செருப்படிச் சத்தம் கேட்டது. சிஞ்ஞோரே கதிரையில் இருந்து மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்து, "பிராவா", கெட்டிக்காரி, என்றார்.

நீங்கள் திரும்பாமலே சொன்னீர்கள்: "கோப்பி ஆறப்போகுது, பிள்ளை. உள்ளை வா. கதவைச் சாத்து."

நான் சத்தம் போடாமல்தான் வந்திருந்தேன்.

சிஞ்ஞோரேக்கு என்னைக் கண்டதில் சந்தோசம். தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். அந்தக் கை எப்போதும் நடுங்கும். அதனால் அதிலிருந்த சின்ன மெழுகு உருண்டைகளும் வறுத்த கடலை போலத் துள்ளின. வெடிமருந்து இல்லாத வெறும் தோட்டாக் கோதுக்குள் மெழுகு. அடியில் பிள்ளைகளின் விளையாட்டுத் துவக்கில் போடுவது போன்ற ஒரு கேப். அவ்வளவுதான். நடை தாண்டிப் போகாது, சுவரை உடைக்காது, ஆனாலும் கண்ணில் பட்டால் கண் போகும் என்று விரலை ஆட்டிச் சொன்னார். முன்பு அவர் ஒவ்வொரு கிழமையும் குறிபார்த்துச் சுடும் கழகத்துக்குப் போனவர். கால் போன பிறகு மகள் வந்து உண்மைக் குண்டுகளை எல்லாம் கொண்டுபோய்விட்டார். பிஸ்டலை மட்டும், அனுமதிப் பத்திரம் இருக்கிறதுதானே, கிழவர் துடைத்துக்கொண்டிருக்கட்டும் என்று விட்டுவைத்தார். கிழவர் துடைப்பதோடு நிற்கவில்லை. கடையில் வாங்கிய திரி குழைந்து குழாயில் ஒட்டியது. மலிவுத் திரி உதிர்ந்தது. தேன்மெழுகு கலந்த பீடத்துத் திரிதான் சரியாக வந்தது.

"கடவுளின்ரை மெழுகு வளையாமல் போகுது" என்று நீங்கள் எனக்குத் தமிழில் சொல்லிச் சிரித்தீர்கள்.

ஆனால் அவருடைய கையால் இனி எதையும் குறிவைக்க முடியாது. அதனால் அவருக்குப் பதிலாக நீங்கள் சுட்டீர்கள். அவர் புள்ளி சொன்னார். "இந்தக் கை எங்கே படித்தது?" என்று அவர் இத்தாலியனில் கேட்டார். "குசினியில், சிஞ்ஞோரே" என்று நீங்கள் சொன்னீர்கள். அது அவர்களுக்குள் பழகிய பகிடி போல இருந்தது. அவர் சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. தாளின் நடுவட்டத்தில் மெழுகுப் பொட்டுகள் ஒன்றின் மேல் ஒன்றாக இருந்தன. அதுகூட எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. சுடாதபோது நீங்கள் அதைப் பிடித்திருந்த விதத்தைத்தான் பார்த்தேன். விரல் வெளியே, குழாயின் வாய் நிலத்தை நோக்கி. நான் ஒரு அடி முன்னால் வந்தபோது, பேச்சை நிறுத்தாமல் இடது கையால் என்னைப் பின்னுக்குத் தள்ளினீர்கள். மேசையில் வைக்குமுன் உள்ளே குண்டு இருக்கிறதா என்று திறந்து பார்த்தீர்கள். மூடிவிட்டு மறுபடியும் திறந்து பார்த்தீர்கள். கழுவிய சட்டியைக் கவிழ்த்து வைப்பது போல, யோசிக்காமல் செய்தீர்கள். அவ்வளவு பழகிய கையை நான் அதற்கு முன் ஒன்றில்தான் பார்த்திருந்தேன்: அம்மா புட்டுக்கு மாக் கொத்தும்போது.

பஸ்ஸில் வரும்போது நான் கேட்டேன். அதற்கு முன் உங்களிடம் கேள்வி என்று எதையும் கேட்டதில்லை.

"எங்கை பழகினது, சின்னம்மா?"

நீங்கள் யன்னலுக்கு வெளியே பார்த்தீர்கள். "ஊர்ப் பெருநாளிலை பலூன் சுடுற கடை வரும். கடைக்காரன்ரை பலூன் முழுக்கச் சுட்டு முடிச்சுப்போட்டு நிப்பன். பிறகு அவன் என்னைக் கண்டாலே, தங்கச்சி, கச்சான் கடை அங்காலை எண்டு கலைப்பான்."

சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். நான் சிரித்து முடித்த பிறகும் நீங்கள் கொஞ்சம் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். அதை நான் கவனித்தேன்.

இறங்கும் இடம் வருமுன் சொன்னீர்கள்: "கொக்காவுக்கு, உன்ரை அம்மாவைத்தான் சொல்லுறன், இதைச் சொல்லாதை. துவக்குக்குப் பத்திரம் இருக்கு. அதைத் தொடுறதுக்கு எனக்கில்லை. பெர்மெஸ்ஸோ குடுக்கிற கொஸ்தூராப் பொலிசிலை ஒருத்தன் ஒரு கேள்வி கேட்டால், பிறகு எல்லாக் கேள்வியும் வரும். எனக்கு மட்டுமில்லை. ஒரு வீட்டிலை இருக்கிற உங்கள் எல்லாருக்கும் வரும்."

எல்லாக் கேள்வியும் என்றால் என்ன என்று எனக்கு விளங்கியது. நீங்கள் விசாரணையில் சொன்ன கதையில் துவக்கு இருக்கவில்லை.

அம்மா கேட்டபோது, "சிஞ்ஞோரேக்கு ஏதோ விளையாட்டுச் சாமான் செய்யிறா" என்றேன். அது பொய் இல்லை. அம்மா என்னை நம்பவும் இல்லை.

பிறகு உடுப்புத் தோய்க்கும்போது உங்கள் ஏப்ரன் பைக்குள் அம்மாவின் கை போனது. சுட்டுச் சப்பையான ஒரு மெழுகுத் துண்டு. மறுபடியும் உருக்குவதற்காகப் பொறுக்கியது. கோட்டுக்குள் புதைந்து வந்ததால், அதில் கறுப்புக் கம்பளி நூல்கள் சுருண்டு பதிந்திருந்தன. நல்ல வெளிச்சத்தில் பார்த்தாலும் மயிர் போலத்தான் இருக்கும். நான் பார்த்தேன். எனக்கே உடம்பு கூசியது.

அம்மா அதை ஒரு கடதாசியில் வைத்து முன்னறைக்குக் கொண்டுவந்தார். அப்பா சோபாவில் படுத்திருந்தார்.

"பாருங்கோ. உங்கடை மயிர்."

அப்பா மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். "என்ரை தலையிலை எங்கையடி இவ்வளவு கறுப்பு மயிர்? இருந்தால் திருப்பித் தரச்சொல்லு."

"விசர்க் கதை கதையாதேங்கோ. விழுந்து கிடக்கிறியள்."

"எண்ணெயிலை வழுக்கி விழுந்தனான். எண்ணெயை ஊத்தினவன் பெங்காலிப் பெடியன். அவனுக்கும் இவளுக்கும் என்ன?"

நீங்கள் வேலை முடித்து உள்ளே வந்தீர்கள். அம்மா கடதாசியை நீட்டினார்.

"இது ஆற்றை மயிர்?"

நீங்கள் அதைப் பார்த்தீர்கள். உங்கள் முகத்தில் முதலில் ஒரு சிரிப்பு வரப் பார்த்தது. பிறகு ரெஜினா அன்ரி, கோயில் முற்றம், எல்லாவற்றையும் நீங்கள் ஒரு கணத்தில் சேர்த்துப் பார்ப்பதைக் கண்டேன். நான் வாயைத் திறந்தேன், சின்னம்மா. உண்மையாகவே திறந்தேன். வகுப்பில் திறக்காத வாய் அன்று திறந்தது. நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். அன்று நடையில் இடது கையால் பின்னுக்குத் தள்ளியது போலத்தான் அந்தப் பார்வையும் இருந்தது.

"நீ என்ன நினைக்கிறியோ, அதுதான் அக்கா" என்றீர்கள்.

"அப்ப ஓம் எண்டுறாய்."

நீங்கள் கடதாசியை மடித்து அம்மாவின் கையிலேயே வைத்தீர்கள்.

"எங்களோடை ஒரு கோப்பையிலை சாப்பிட்டுக்கொண்டு..." அம்மாவுக்குக் குரல் உடைந்தது. "குமர்ப் பிள்ளை இருக்கிற வீடு இது. நீ போ."

உங்கள் பையைத் தூக்கிக்கொண்டு படி இறங்கி உங்களோடு வந்தேன். கீழ் வாசலில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அது என் இரண்டாவது கேள்வி.

"சூனியக்காரி எண்டு சொல்லட்டும்" என்றீர்கள். "சூனியத்துக்கு ஒருத்தனும் பெர்மெஸ்ஸோ கேக்க மாட்டான். விலகி நடப்பினம், அவ்வளவுதான். மற்றது தெரிஞ்சால் கிட்ட வருவினம்."

பஸ் வந்தது. "போட்டு வாறன், பிள்ளை" என்று ஏறினீர்கள். அன்றிலிருந்து சிஞ்ஞோரேயின் வீட்டிலேயே தங்கினீர்கள்.

நான் தொடர்ந்து வேலைக்கு வந்தேன். அம்மா தடுக்கவில்லை. தடுத்தால் உங்களைப் பற்றி ஒரு சொல்லும் தெரியவராது என்று யோசித்திருப்பார். மழைக்காலத்தில் உங்களுக்கு இருமல் வந்தது, நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது சுவாசப்பை முழுக்க நோய் பரவிவிட்டது என்றார்கள். அம்மா வரவில்லை. ஒவ்வொரு நாளும் ஃபிளாஸ்க்கில் கஞ்சி ஊற்றி என்னிடம் தந்தார். "நான் தந்தனான் எண்டு சொல்லாதை. நீ காய்ச்சினதெண்டு சொல்லு."

நீங்கள் ஒரு கரண்டி குடித்தீர்கள். "கொக்கா எப்பவும் உப்புக் குறைச்சுத்தான் போடுவா" என்றீர்கள். அந்தக் கிழமை முடியுமுன் நீங்கள் இல்லை.

அடக்கப் பூசைக்குக் கொஞ்சப் பேர்தான் வந்தார்கள். பாட்டுக்குழு வந்தது, வராவிட்டால் சுவாமி கேட்பார். அம்மா முன்வாங்கில் நேராக நிமிர்ந்து இருந்தார். பூசை முடியும் நேரம் பெரிய கதவு திறந்தது. கீழ்த்தளத்துக் கடைக்காரரும் அவருடைய மகனும் சிஞ்ஞோரேயைக் கதிரையோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். மூன்று மாடியும் அப்படித்தான் தூக்கி இறக்கியிருக்கிறார்கள். கோட்டும் கழுத்துப்பட்டியும் போட்டிருந்தார். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் கதிரையை விட்டதும், நடுங்கும் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டு எதையோ எடுத்து, உங்கள் பெட்டியின் மேல் வைத்தார். அது உருண்டு விழப் பார்த்தது. மறுபடியும் எடுத்து, இரண்டு கையாலும் அழுத்தி நிறுத்தினார்.

மஞ்சள் மெழுகில் செய்த, விரல் நகமளவு சாமான்.

"பிராவா" என்று மெல்லச் சொன்னார்.

பின்னால் பெண்கள் சிலுவை அடையாளம் போட்டுக்கொள்ளும் சலசலப்புக் கேட்டது. ரெஜினா அன்ரியின் குரல், மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு: "பாத்தியளே. கிழவனையும் மயக்கி வைச்சிருந்திருக்கிறா."

அம்மா திரும்பவில்லை. பெட்டியின் மேல் இருந்த அந்தச் சாமானையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து கறுப்பு உடுப்போடே கோப்பை கழுவத் தொடங்கினார். நான் துடைத்தேன். முதுகைக் காட்டியபடி கேட்டார்.

"அந்தாள் ஒரு வெள்ளைக்காரக் கிழவன். அவனுக்குச் செய்வினை தெரியாது. அது என்னது?"

இனி உங்களை ஒருவரும் எந்த வரிசையிலும் நிறுத்தி விரலடையாளம் எடுக்க முடியாது. சொன்னேன். "அம்மா, அது குண்டு. மெழுகுக் குண்டு. மயிரில்லை, கோட்டு நூல். சின்னம்மா நடையிலை நிண்டு சுடுறவ."

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தினார்.

"அவளோ? சுடுறவளோ?"

"ஓம். ஒண்டும் குறி தப்பாது. ஊர்ப் பெருநாளிலை பலூன் சுட்டுப் பழகினதெண்டு சொன்னவ."

அம்மா ஈரக் கையோடு கதிரையில் இருந்தார். பிறகு சொன்னார்:

"பெருநாளிலை பலூன் கடை வாறதுதான். நான் கூட்டிக்கொண்டு போறனான். அவள் கடைக்குக் கிட்ட வரமாட்டாள். பலூன் வெடிச்சாலே காதைப் பொத்திக்கொண்டு என்ரை பாவாடைக்குள்ளை முகத்தை வைப்பாள்."

நான் துடைத்த கோப்பையையே மறுபடியும் துடைத்தேன்.

"நான் இஞ்சை வந்த பிறகு," என்றார் அம்மா, "கன காலம் அவள் எங்கை இருந்தவள் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. வந்த பிறகு கேட்டிருக்கலாம். கேக்கப் பயமா இருந்தது." பிறகு, எனக்கு இல்லாமல் தனக்கே சொல்வது போல: "ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் இந்த வீட்டிலை இருந்திருப்பாள்."

நான் கீழ் வாசலில் நீங்கள் சொன்னதைச் சொன்னேன். சூனியத்துக்கு ஒருத்தனும் பெர்மெஸ்ஸோ கேட்க மாட்டான் என்றதை. அம்மா முகத்தை ஏப்ரனால் மூடிக்கொண்டார். அழுதாரா சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு முற்றத்தில் ரெஜினா அன்ரி வந்து அம்மாவின் கையைப் பிடித்தார். "கவலைப்படாதை. நீ நல்லநேரம் வீட்டை விட்டு அனுப்பினனீ. அண்டைக்குக் கண்ணாலை கண்டமே."

அம்மா சண்டை பிடிப்பார், கையை உதறுவார் என்று நான் காத்திருந்தேன். அம்மா பற்றிசை ஒரு கடி கடித்து, மென்று விழுங்கினார்.

"ஓம் அன்ரி," என்றார். "தெரியாத்தனமாச் செய்துபோட்டாள். அவளுக்காகச் செபியுங்கோ."

வீட்டுக்குப் போகும் வழியில் என்னிடம் ஒன்று மட்டும் சொன்னார்: "செத்தவளை இனி ஒருத்தரும் எழுப்பி நிப்பாட்டிக் கேள்வி கேக்கக் கூடாது."

சிஞ்ஞோரேயின் மகள் வந்தார், சின்னம்மா. பிஸ்டலைக் கராபினியேரிப் பொலிசிடம் ஒப்படைக்கப் பெட்டியில் வைத்தார். அலுமாரியில் இருந்த கடைசித் தாளை எடுத்து, நடுவட்டத்தைப் பார்த்து, என்னிடம் இத்தாலியனில் கேட்டார்: "இதை யார் சுட்டது?" என் வாய் திறக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் என்னைத் தோற்கடித்த அதே வாய்தான். சிஞ்ஞோரே கதிரையில் இருந்து, "நான்" என்றார். மகள் அவருடைய கையைப் பார்த்தார். அது மடியில் துள்ளிக்கொண்டிருந்தது. தாளை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். அவருக்கும் சந்தேகம். அவரும் கேட்கவில்லை.

இப்போது அந்த வீட்டில் நான்தான் சமைக்கிறேன். மத்தியானத்துக்குப் பிறகு நடைக் கதவு திறந்தே இருக்கிறது. சிஞ்ஞோரே சில நாட்களில் கதிரையை அங்கே தள்ளச் சொல்லி, தொங்கும் கோட்டுகளைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்.

உங்களைப் பற்றி எனக்கு இன்னும் தெரியாது. பலூன் கடை பொய் என்பது தெரியும். அதற்குப் பின்னால் இருப்பது என்னவென்று தெரியாது. சில இரவுகளில், முகாமில் கையில் எதுவும் இல்லாமல் நின்ற உங்களை நினைக்கப் பார்ப்பேன். உங்கள் வலது கை காலியாக வருவதே இல்லை. உங்களை அப்படி நினைப்பது எனக்குப் பயமாக இருக்கிறது. அந்தக் கை என்னைப் பின்னுக்குத் தள்ளிய விதமும் கூடவே வருகிறது. இரண்டையும் நான் பிரித்துப் பார்க்கவில்லை.

இன்று திரிகளை அணைத்த பிறகு, எரிந்து குட்டையான ஒன்றை மாற்ற வேண்டியிருந்தது. புதியதை வைத்துவிட்டு, அடிக்கட்டையைக் கையில் பிடித்திருந்தேன். இன்னும் இளஞ்சூடு. சுவாமியின் அறைக்குள் அதற்கென்று பெட்டி இருக்கிறது. ரெஜினா அன்ரி கடைசி வாங்கில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். துவக்கு இல்லை. மெழுகு தேவையில்லை. ஆனால் உங்களோடு அது நின்றுபோனால், யாராவது ஒருநாள் யோசிப்பார்கள்: அப்ப அவள் அதை என்னத்துக்குக் கொண்டுபோனவள்?

பையைத் திறந்தேன். மறைக்கவில்லை. பேப்பரில் நிதானமாகச் சுற்றி உள்ளே வைத்தேன்.

"என்னத்துக்குப் பிள்ளை அது?" என்றார் ரெஜினா அன்ரி.

கழுத்து வரைக்கும் சூடு ஏறியது. ஆனாலும் வாய் திறந்தது.

"சின்னம்மா செய்தது பாதியிலை நிக்குது, அன்ரி" என்றேன்.

அவர் தன் பையை எடுத்துக்கொண்டு வாங்கின் மறுபக்கத்தால் இறங்கி வெளியே போனார். நான் கதவைச் சாத்திப் பூட்டினேன். பஸ்ஸில் வரும் வழி முழுக்க அந்தப் பை என் மடியில் இருந்தது, சின்னம்மா. பக்கத்து இருக்கையில் ஒருவரும் வந்து இருக்கவில்லை.